நல்ல வம்புக்கு ஆள் தேவை: ஜான் லூயிஸின் வேலையைத் தொடர நினைக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்கு

ஜூலை 17 வந்தால் போதும், ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும், கறுப்பினத்தவரின் சிவில் உரிமைக்காகப் போராடி அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரான ஜான் லூயிஸின் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். 2020-ல் அவர் காலமான நாள் அது. "நல்ல வம்பு, தேவையான வம்பு செய்யுங்கள்" என்று அவர் போகிற ஊரிலெல்லாம் சொன்ன வரியைப் போட்டு, கீழே ஒரு கும்பிடு எமோஜி. ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை, மார்ட்டின் லூதர் கிங் நாளன்றும் இதே கதைதான். மறுநாள் காலை எல்லோரும் ஆபீஸ் மீட்டிங்குக்குப் போய்விடுவோம்.

படம் போடுவதில் தப்பில்லை. அதற்கு அப்புறம் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்குத்தான் இது. குறிப்பாக, அமெரிக்காவுக்கு வந்து கொஞ்ச காலமே ஆன தமிழர்களுக்கு: படிக்க வந்தவர்கள், எச்1பி-யில் இருப்பவர்கள், கிரீன் கார்டு வாங்கியவர்கள், புதிதாகக் குடியுரிமை எடுத்தவர்கள். ஒவ்வொருவரும் செய்ய முடிந்தது வேறு வேறு. அதைப் பிரித்துச் சொல்லாமல் "எல்லோரும் வாருங்கள், போராடுவோம்" என்று கூப்பிடுவது பொறுப்பில்லாத பேச்சு.

"இது அவர்கள் பிரச்சினை, நமக்கென்ன" என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. 1946-ல் சட்டம் கொஞ்சம் தளர்ந்து, வருடத்துக்கு 100 இந்தியர்கள் குடியேறலாம் என்றார்கள். மொத்த இந்தியாவுக்கும் சேர்த்து நூறு பேர். அந்தக் கதவு திறந்தது 1965 அக்டோபர் 3 அன்று லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தால். அதே ஜான்சன் அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்ட் 6 அன்று, வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். ஆளை அவன் இனத்தை வைத்து ஒதுக்குவது அசிங்கம் என்று ஒரு நாட்டை ஒப்புக்கொள்ள வைத்தது சிவில் உரிமை இயக்கம். அந்தக் காற்றில்தான் நம் சட்டமும் நிறைவேறியது. அடி வாங்கியது அவர்கள், விசா வாங்கியது நாம் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

முதலில் பாலத்துக்கு முன்னாலும் பின்னாலும் பாருங்கள்

லூயிஸ் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அலபாமாவில் செல்மா ஊரின் எட்மண்ட் பெட்டஸ் பாலம். 1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. ஓட்டுரிமை கேட்டு சுமார் 600 பேர் பாலத்தைக் கடந்து வருகிறார்கள், எதிரே மாநிலக் காவல்படை தடியோடு நிற்கிறது. முன்வரிசையில் ஹோசியா வில்லியம்ஸும் லூயிஸும். லூயிஸுக்கு அப்போது வயது 25. முதுகில் ஒரு பை. அதில் இரண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, பல் துலக்கும் பிரஷ், பேஸ்ட். எப்படியும் ஜெயிலில் போடுவார்கள், படிக்க ஏதாவது வேண்டும், பசிக்கும், காலையில் பல் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான் யோசனை. ஜெயிலுக்குப் போகவில்லை, தடியடியில் மண்டை உடைந்தது.

எனக்கு அந்தப் பை முக்கியம். அது வீரம் இல்லை, தயாரிப்பு. அந்தத் தயாரிப்பு தொடங்கியது நாஷ்வில்லில். ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் இளைஞர் 1950-களில் நாக்பூர் ஹிஸ்லப் கல்லூரியில் வேலை செய்தவர், காந்தியின் முறையை அங்கிருந்தபடி படித்தவர். ஊர் திரும்பி, நாஷ்வில்லில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார், லூயிஸும் அதில் ஒரு மாணவர். வகுப்பு என்றால் உரை இல்லை. கறுப்பினத்தவருக்குப் பரிமாறாத கடையின் லஞ்ச் கவுண்டரில் ஒருவர் உட்கார்ந்திருப்பது போல நடிக்க, நண்பர்களே சுற்றி நின்று திட்டுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து தள்ளுவார்கள். திருப்பி அடிக்காமல், கண்ணைத் தாழ்த்தாமல் இருக்கும்வரை பழக்கம். மாதக்கணக்கில் இது நடந்தது. 1960 பிப்ரவரி 13 அன்று கடைகளின் லஞ்ச் கவுண்டர்களில் போய் நிஜமாகவே உட்கார்ந்தார்கள். மே 10 அன்று அந்தக் கவுண்டர்கள் கறுப்பினத்தவருக்கும் பரிமாறின.

லூயிஸும் பெர்னார்ட் லாஃபயெட்டும் சேர்ந்து எழுதி விநியோகித்த பத்து விதிகள் இருக்கின்றன. திருப்பி அடிக்காதே, ஏசாதே. சத்தமாகச் சிரிக்காதே. தலைவர் சொல்லாமல் இடத்தை விட்டு எழுந்திருக்காதே. கடை வாசலை மறிக்காதே. நிமிர்ந்து உட்கார், எப்போதும் கவுண்டரைப் பார்த்தே இரு. இப்படிப் போகும் அந்தக் காகிதம். நாஷ்வில் பொது நூலகத்தில் சிவில் உரிமை அறை ஒன்று இருக்கிறது, அங்கே அந்தக் கவுண்டரைப் போலவே ஒன்று செய்து வைத்து இந்த விதிகளைப் பொறித்திருக்கிறார்கள். டென்னசி பக்கம் டூர் போனால் கிராண்ட் ஓல் ஓப்ரி இசை நிகழ்ச்சி பார்க்கிற கையோடு இதையும் எட்டிப் பார்க்கலாம், நூலகம்தானே, டிக்கெட் கிடையாது.

பாலத்துக்குப் பின்னால் நடந்தது இன்னும் முக்கியம், ஆனால் அதற்குப் படம் இல்லை, ஆகவே யாரும் ஷேர் செய்வதில்லை. 1970 முதல் 1977 வரை லூயிஸ் வாக்காளர் கல்வித் திட்டம் என்ற அமைப்பை நடத்தினார். தென் மாநிலங்களில் ஊர் ஊராகப் போய், பெயர் சேர்க்காதவர்களைப் பட்டியலில் சேர்க்க வைக்கிற வேலை. அப்புறம் அட்லாண்டா நகர மன்றம். 1987 முதல் சாகும்வரை காங்கிரஸ். அங்கே, கறுப்பின மக்களுக்கென்று தேசிய அருங்காட்சியகம் வேண்டும் என்று 1988-ல் மசோதா கொண்டுவந்தார். தோற்றது. அடுத்த காங்கிரஸில் மறுபடி. அதுவும் தோற்றது. 2003-ல்தான் நிறைவேறியது. வாஷிங்டனில் கட்டடம் திறந்தது 2016-ல். மனிதர் அசரவே இல்லை.

நாம் தொடர வேண்டிய லூயிஸ் இந்த இரண்டாவது ஆள்தான். அலுப்பான வேலையை, கைதட்டல் இல்லாமல், வருடக்கணக்காகச் செய்தவர். இதைப் புரிந்துகொண்டால் கீழே சொல்லப்போவதெல்லாம் ஏன் இவ்வளவு சப்பென்று இருக்கிறது என்பதும் புரியும்.

படிக்க நேரம் இல்லையென்றால், லூயிஸே இணைந்து எழுதிய மூன்று பாகச் சித்திரக்கதை உங்கள் ஊர் லைப்ரரியில் கிடைக்கும். பிள்ளைகளுக்கு என்று எடுத்து வந்து நீங்கள் படித்துவிடுவீர்கள்.

அடுத்தது உங்கள் விசா

இதைத் தாண்டிப் போகாதீர்கள். லூயிஸ் இயக்க காலத்தில் 40 தடவை கைதானவர். அவர் குடிமகன். எஃப்1-லோ எச்1பி-யிலோ இருப்பவர் ஒரு தடவை கைதானாலே, வழக்கு தள்ளுபடி ஆனாலும், விசா ரத்தாகலாம், அடுத்த முறை சென்னைத் துணைத் தூதரகத்தில் ஸ்டாம்பிங்குக்குப் போகும்போது கேள்வி வரும். பேச்சுரிமை குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் உண்டு, அனுமதி பெற்ற அமைதியான பேரணியில் நடப்பது குற்றமில்லை. ஆனால் சட்டம் மீறிக் கைதாவது என்பது உங்களைப் பொறுத்தவரை வேறு விலை. அதை வேறு யாரோ உசுப்பேற்றி நீங்கள் கொடுக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் போராட்டத்துக்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், கைதான அப்புறம் இல்லை.

இன்னொரு ஆபத்து யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறது: டிஎம்வி. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது, 1993-ம் ஆண்டுச் சட்டப்படி, "வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமா?" என்று பெரும்பாலான மாநிலங்களில் கேட்பார்கள். கவுண்டரில் இருப்பவர் வேகமாகக் கேட்பார், நீங்களும் சரி சரி என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். குடிமகன் இல்லாதவர் அதற்கு "இல்லை" என்று மட்டுமே சொல்ல வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் இல்லைதான். தெரியாமல் பதிந்து, ஒரு ஓட்டும் போட்டுவிட்டால், குடிமகன் என்று பொய் சொன்னதாக ஆகி, பின்னால் குடியுரிமை மட்டும் இல்லை, இந்த நாட்டில் இருப்பதே சிக்கலாகிவிடும். இந்த ஒரு விஷயத்தை உங்கள் தமிழ்ச் சங்கத்தின் புதியவர்கள் குழுவில் வருடம் ஒரு தடவை போட்டாலே அது சேவைதான்.

பணம்: தேர்தல் வேட்பாளருக்கோ கட்சிக்கோ நன்கொடை கொடுக்க நீங்கள் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக்கூடாது. ஆனால் தொண்டு நிறுவனங்களுக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தன்னார்வ வேலையும் அப்படித்தான், சம்பளம் இல்லாத, வழக்கமாகவே தன்னார்வலர்கள் செய்கிற வேலை என்றால் தாராளமாகச் செய்யலாம். ஃபுட் பேங்கில் மூட்டை பிரிப்பது ஓகே. மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற வேலையை நீங்கள் "சும்மா" செய்து கொடுப்பது ஓகே இல்லை.

சேருங்கள், ஆரம்பிக்காதீர்கள்

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உற்சாகம் வந்த உடனே ஒரு அமைப்பு ஆரம்பிப்போம். தலைவர், செயலாளர், பொருளாளர், லோகோ, பேனர், முதல் கூட்டத்தில் குத்துவிளக்கு. இரண்டாவது கூட்டத்தில் பைலா சண்டை. இனநீதி வேலைக்கு இது வேண்டவே வேண்டாம். உங்கள் ஊரில் அந்த வேலையை ஏற்கெனவே யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள், நீங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே.

யார் என்று தேடுங்கள். 1909-ல் தொடங்கிய, கறுப்பினத்தவரின் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்புக்கு நாடு முழுக்கக் கிளைகள் உண்டு, உறுப்பினராக நீங்கள் கறுப்பினத்தவராக இருக்க வேண்டியதில்லை. 1920-ல் பெண்கள் வாக்குரிமை கிடைத்தபோது தொடங்கிய பெண் வாக்காளர் லீகும் பல ஊர்களில் இருக்கிறது, பெயரில் பெண் இருந்தாலும் ஆண்களையும் சேர்க்கிறார்கள், கட்சி சார்பு இல்லாமல் வாக்காளர் பதிவு வேலை பார்ப்பவர்கள். கறுப்பினத்தவரின் தேவாலயங்கள் பலவற்றில் சமூக வேலைக்கென்றே குழு இருக்கும். பொது நூலகத்தின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைக்கும்.

முதல் கூட்டத்துக்குப் போனால் பின்வரிசையில் உட்காருங்கள். கேளுங்கள். "எங்கள் ஊரில் காந்தி" என்று ஆரம்பிக்காதீர்கள், அங்கே இருக்கும் எழுபது வயது அம்மாவுக்குக் காந்தியைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்திருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. முடிந்ததும் நாற்காலி மடக்க உதவுங்கள். "எக்ஸெல் ஷீட் யார் பார்க்கிறார்கள்?" என்று கேளுங்கள். பல இடங்களில் தொலைபேசிப் பட்டியல் மூன்று பேரின் மூன்று நோட்டில் சிதறிக் கிடக்கும், வெப்சைட் எப்போதோ அப்டேட் ஆனதாக இருக்கும், அதையெல்லாம் ஒழுங்கு பண்ணித் தர ஆள் கிடைத்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஐடி வேலையில் இருக்கிற நமக்கு இது ஒரு சனிக்கிழமைச் சமாச்சாரம். 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணி என்றால் கிங்கின் பேச்சுதான் ஞாபகம் வரும். அதன் பின்னால் பேயர்ட் ரஸ்டின் என்பவர் பஸ் எத்தனை, கழிப்பறை எத்தனை, தண்ணீர்க் குழாய் எங்கே என்று வாரக்கணக்கில் கணக்குப் போட்டார். நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் தன்னார்வலர்கள் விடிய விடிய நின்று 80,000 சாண்ட்விச் பொட்டலம் கட்டினார்கள். பொட்டலம் கட்டவும் ஆள் வேண்டுமே.

செல்ஃபி மட்டும் தயவுசெய்து வேண்டாம். குறைந்தது முதல் சில மாதங்களுக்கு.

ஓட்டு: நம் பாட்டிகளையும் சேர்த்து

செல்மாவில் நடந்தது ஓட்டுச் சண்டை. அந்த ஊர் இருக்கும் டல்லஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதில் இருந்தவர்களில் பாதிப்பேர் கறுப்பினத்தவர், அவர்களில் பட்டியலில் இருந்தவர்களோ நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை மட்டுமே திறக்கும். வரிசையில் நின்றால் வேலை போகும். உள்ளே போனால் அரசியல் சாசனத்திலிருந்து கேள்வி. எந்தச் சட்டத்திலும் "கறுப்பினத்தவர் ஓட்டுப் போடக்கூடாது" என்று எழுதவில்லை, எல்லாம் நடைமுறையிலேயே தடுத்தார்கள்.

1965 வாக்குரிமைச் சட்டம் அந்த நடைமுறைகளை உடைத்தது. பழைய குற்றவாளி மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுவதென்றால் முதலில் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றது. 2013-ல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டின் உயிரை எடுத்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர லூயிஸ் பெயரில் ஒரு மசோதா 2021-ல் கீழவையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. நியூயார்க் 2022-ல் அவர் பெயரிலேயே மாநில அளவில் ஒரு வாக்குரிமைச் சட்டம் போட்டது. ஆகவே இப்போது சண்டை மாநிலத்தில், கவுண்டியில், சில சமயம் உங்கள் தெருமுனைப் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில்.

நீங்கள் குடிமகன் என்றால் செய்ய வேண்டிய முதல் வேலை: உங்கள் பெயர் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று மாநிலத் தேர்தல் தளத்தில் பாருங்கள். வீடு மாறியிருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே பதிவை மூடிவிடும் மாநிலங்கள் உண்டு.

இரண்டாவது, வாக்குச்சாவடிப் பணியாளராக விண்ணப்பியுங்கள். கவுண்டித் தேர்தல் அலுவலகத் தளத்தில் படிவம் இருக்கும், ஒரு சின்னப் பயிற்சி, தேர்தலன்று விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை வேலை, கொஞ்சம் பணமும் தருவார்கள். இந்த வேலைக்கு வருகிறவர்களில் வயதானவர்களே அதிகம், ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. 16 வயதான ஹைஸ்கூல் பிள்ளைகளையும் பல மாநிலங்கள் எடுத்துக்கொள்கின்றன. காலேஜ் அப்ளிகேஷனுக்காக எதையெதையோ செய்ய வைக்கிறோம், இதையும் செய்யட்டும். கலிபோர்னியாவில் கிரீன் கார்டு உள்ளவர்களும் சாவடியில் பணி செய்யலாம்.

மூன்றாவது, நம் வீட்டுப் பெரியவர்கள். மகனோ மகளோ ஸ்பான்சர் செய்து வந்து, குடியுரிமை எடுத்து, ஆனால் ஆங்கில வாக்குச்சீட்டைப் பார்த்தால் தயங்கி நிற்கும் அம்மாக்கள் எத்தனை பேர். வாக்குரிமைச் சட்டத்தின் 208-ம் பிரிவு, படிக்க எழுத முடியாதவரோ பார்வை, உடல் குறைபாடு உள்ளவரோ தனக்கு நம்பிக்கையான ஒருவரை உள்ளே அழைத்துப்போய் உதவி பெறலாம் என்கிறது. வேலை கொடுத்த முதலாளியும் தொழிற்சங்க ஆளும் மட்டும் கூடாது. இது ஏட்டளவில் இல்லை. 2014-ல் டெக்சாஸின் வில்லியம்சன் கவுண்டியில் ஒரு இந்திய அம்மா, ஆங்கிலம் சரியாக வராது என்று மகனைக் கூட்டிக்கொண்டு சாவடிக்குப் போனார். மகன் பக்கத்துக் கவுண்டி வாக்காளர், ஆகவே மொழிபெயர்க்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள், 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டெக்சாஸின் அந்த விதி மத்திய சட்டத்துக்கு முரண் என்றது. செல்மாவில் விழுந்த அடி ஒரு இந்திய அம்மாவின் ஓட்டுக்கும் சேர்த்துத்தான் விழுந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி எனக்குத் தெரியாது. அந்தப் பிரிவின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அம்மாவின் ஹேண்ட்பேகில் போட்டு வையுங்கள்.

வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாமே என்று தோன்றும். மாநில விதியைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஜார்ஜியாவில் 2021 சட்டப்படி வாக்குச்சாவடியிலிருந்து 150 அடிக்குள் அப்படிக் கொடுப்பதே குற்றம். லூயிஸின் காங்கிரஸ் தொகுதி அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது.

இரண்டு நிமிடப் பேச்சு

ஸ்கூல் போர்டு, நகர மன்றம், கவுண்டித் தேர்தல் வாரியம், மூன்றிலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். இதற்குக் குடியுரிமை தேவையில்லை, அந்த ஊரில் இருந்தால் போதும். முன்பே ஆன்லைனிலோ வாசலில் ஒரு அட்டையிலோ பெயர் எழுத வேண்டும். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை முதல் நாளே படியுங்கள், எத்தனையாவது அம்சத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று எண் சொல்லி ஆரம்பியுங்கள். எழுதிக்கொண்டு போங்கள். 250 ஆங்கில வார்த்தை என்றால் சுமார் இரண்டு நிமிடம் ஆகும். முதல் வாக்கியத்தில் பெயரும் ஊரும், இரண்டாவதில் என்ன வேண்டும் என்பது, அப்புறம் காரணம். வரலாறு, முன்னுரை, நன்றியுரை எதுவும் வேண்டாம், மணி அடித்துவிடுவார்கள். நம் மேடைப் பழக்கத்துக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

உங்களுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லையென்றால், நீங்கள் சேர்ந்த அமைப்பு எதைப் பற்றிப் பேசுகிறதோ அதற்குத் துணையாகப் போய் உட்காருங்கள். தலை எண்ணிக்கை அங்கே கணக்கு.

நம் வீட்டுக்குள்

இதுதான் யாருக்கும் பிடிக்காத பகுதி, நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கறுப்பினத்தவரைப் பற்றி நாம் தமிழில் பேசுகிற பேச்சை ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். காருக்குள், பார்ட்டியில், பிள்ளைகள் பின்சீட்டில் இருக்கும்போது. "அவங்களுக்குப் புரியாது" என்ற தைரியத்தில் வருகிற வார்த்தைகள். பிள்ளைகளுக்குப் புரியும். இருட்டில் ஒருவர் எதிரே வந்தால் "கார் லாக் பண்ணு" என்கிற அந்தக் குரல் மாற்றமும் புரியும். யாராவது அப்படிப் பேசினால் என்ன செய்வது? பெரிய சொற்பொழிவு தேவையில்லை. "அண்ணா, பிள்ளைங்க இருக்காங்க, அப்படிச் சொல்லாதீங்க" என்றாலே அந்த மேஜை அமைதியாகிவிடும். அதற்கு அப்புறம் உங்களை அடுத்த பார்ட்டிக்குக் கூப்பிடாமல் விடலாம். அதுதான் நமக்கு வாய்த்த வம்பு.

வீடு வாங்கும்போது "அந்த ஏரியா வேண்டாம்" என்கிறோம். ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு. 1930-களில் மத்திய அரசு நிறுவனம் ஒன்று நகரங்களின் பகுதிகளுக்கு நான்கு தரம் போட்டது, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்து ஆபத்தான முதலீடு என்றது. வீட்டுக்கடன் வேறு பக்கம் போனது, அதோடு பள்ளிக்கூடத்துக்கான சொத்துவரியும் போனது. இன்று நாம் ஸ்கூல் ரேட்டிங் ஒன்பதா பத்தா என்று பார்க்கிறோமே, அந்த எண்ணுக்குப் பின்னால் பல ஊர்களில் இந்தச் சிவப்பு மையும் இருக்கிறது. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அந்தப் பழைய வரைபடங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. உங்கள் நகரம் அதில் இருக்கிறதா என்று தேடி, இன்றைய கூகுள் மேப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல ஸ்கூல் பார்த்து வீடு வாங்குவதை நான் தப்பென்று சொல்லவில்லை. கெட்ட ஸ்கூல் எப்படிக் கெட்டது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறேன்.

வாங்கிய வீடு 1950-க்கு முன்னால் கட்டியதென்றால் பழைய பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். "வெள்ளையர் தவிர யாரும் இங்கே குடியிருக்கக்கூடாது, வீட்டு வேலைக்காரர் மட்டும் விதிவிலக்கு" என்ற மாதிரி வரி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சில பத்திரங்களில் ஆசியர் என்றே பெயர் சொல்லி இருக்கும், அதாவது நீங்கள். 1948-ல் உச்ச நீதிமன்றம் இவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்றது, 1968 ஏப்ரல் 11-ல், கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் அந்த வரி காகிதத்தில் அப்படியே கிடக்கும். வாஷிங்டன், மின்னசோட்டா, கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அதை முறைப்படி நீக்கவோ மறுத்துப் பதிவு செய்யவோ வழி இருக்கிறது. கவுண்டிப் பதிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

அப்புறம் சாதி. 1959-ல் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு அழைத்துப்போனார்கள். தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தியது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று. கிங்குக்கு முதலில் சுருக்கென்றது, அப்புறம் யோசித்துப் பார்த்து, ஆமாம், நானும் ஒரு தீண்டத்தகாதவன்தான் என்று ஒப்புக்கொண்டார், 1965-ல் தன் தேவாலயப் பிரசங்கத்தில் அவரே இதைச் சொன்னார். அந்த மனிதரின் நாளைக் கொண்டாடிவிட்டு, புதிதாக வந்த தம்பியிடம் "ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு" என்று தோண்டுவது சரிப்பட்டு வராது. சியாட்டில் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானது, கலிபோர்னியாவில் அதே வருடம் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். இரண்டிலும் எதிர்த்து நின்றவர்களில் நம் நாட்டு ஆட்களே நிறைய. உங்கள் சங்கத்தில், ரூம்மேட் தேடும் குழுவில், வரன் விளம்பரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள், வெளியே இனநீதி பேசப் போவதற்கு முன்னால்.

பணம், நேரம், நாள்காட்டி

மாதம் பத்து டாலர் தானாகப் போகிற மாதிரி வைப்பது, வருடத்துக்கு ஒரு தடவை உணர்ச்சிவசப்பட்டு நூறு கொடுப்பதைவிட அமைப்புகளுக்கு உதவும், அவர்கள் வாடகையும் மாதாமாதம்தானே வருகிறது. உங்கள் கம்பெனியில் நன்கொடைக்கு இணைத்தொகை தருகிறார்களா என்று ஹெச்ஆர் தளத்தில் தேடுங்கள். பல பெரிய டெக் கம்பெனிகள் டாலருக்கு டாலர் தருகின்றன, சில இடங்களில் தன்னார்வ மணிநேரத்துக்கும் பணம் தருகிறார்கள். எதில் போடுவது என்றால், உள்ளூருக்கு ஒன்று, நீதிமன்றத்தில் சண்டை போடுபவர்களுக்கு ஒன்று. 1940-ல் தர்குட் மார்ஷல் தொடங்கிய சட்டப் பாதுகாப்பு நிதி (Legal Defense Fund) என்ற அமைப்பு இன்றும் வாக்குரிமை வழக்குகளை நடத்துகிறது.

விடுமுறையில் அலபாமா போக முடிந்தால் மாண்ட்கோமரியில் 2018-ல் திறந்த நினைவிடத்தைப் பாருங்கள், கும்பல் கொலைகளில் செத்தவர்களின் பெயர்களைக் கவுண்டி வாரியாக இரும்புத் தூண்களில் பொறித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீங்கள் வசிக்கும் கவுண்டியின் பெயர் அங்கே இருக்கலாம். சின்னப் பிள்ளைகளோடு போனால் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.

கடைசியாக, கிங் நாள். அதைச் சும்மா விடுமுறையாக விடாமல் சேவை நாளாக மாற்றிய 1994 சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் லூயிஸும் ஒருவர், ஆகவே அன்று ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரு நடைமுறை விஷயம்: அன்று எல்லா ஃபுட் பேங்கிலும் கூட்டம் அலைமோதும், கம்பெனி டி-ஷர்ட் போட்ட ஐம்பது பேர் ஒரே மேஜையைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள், ஜனவரி தொடங்குவதற்குள் இடம் நிரம்பிவிடும். பிப்ரவரி இரண்டாவது வாரம் அதே இடத்தில் பெட்டி தூக்க ஆள் இருக்காது. ஒருங்கிணைப்பாளருக்கு இப்போதே மெயில் போட்டு, பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.